நன்கொடை கேட்ட பேய்

பேயை ஓட்ட ஆள் தேடுகிறவர்களைச் சரவெடி நிறையப் பார்த்திருக்கிறான். ஓடிப்போன பேயைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கூட்டிவரச் சொன்ன முதல் மனிதர், பல்கலைக்கழகத்தின் நிதி இயக்குநர்தான்.

"மூணு நாளாச்சுங்க," என்றார் இயக்குநர், கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து தகவலே வராத தகப்பன் மாதிரி. "ஒரு போன் இல்லை. என்ன ஆச்சுன்னே தெரியலை."

"உடம்புக்கு முடியலையோ என்னவோ," என்றான் சரவெடி. "அது சரி, பேய்க்கு ஏது உடம்பு?"

மேஜைக்கு அடியில் துருவி அவன் காலை மிதித்தாள்.

துருவி என்பது அவள் பெயரல்ல. காவல்துறையில் விசாரணைப் பிரிவில் இருந்தபோது, எதிரே உட்கார்ந்தவனைச் சுரண்டிச் சுரண்டிக் கடைசித் துணுக்கு வரை எடுத்துவிடுவாள் என்று சக அதிகாரிகள் வைத்த பட்டம். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் தொடங்கியபோது பட்டமும் கூடவே வந்துவிட்டது. சரவெடி அவள் கணவனின் தம்பி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத குற்றத்துக்காக மூன்று கம்பெனிகளிலிருந்து துரத்தப்பட்டவன். "வீட்டுல உட்கார்ந்து என் உயிரை எடுக்கறதுக்குப் பதிலா உன்கூடவே இருக்கட்டும்" என்று அண்ணன்காரன்தான் அவனை அண்ணியின் தலையில் கட்டியிருந்தான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் துருவி.

இயக்குநர் பதில் சொல்லும் முன்பே கூரை பதில் சொன்னது. டொக். உயரமான பழைய விதானத்திலிருந்து ஒரு சொட்டு, அறை மூலையில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் விழுந்தது. வெளியே மழை விட்டு வெகு நேரமாகியிருந்தது. அந்தக் கட்டடத்துக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

கதை இதுதான். பல்கலைக்கழகத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். அதன் பெருமையெல்லாம் கணிதத் துறைதான். ஒழுகுவதும் அதே துறையின் கட்டடம்தான். அதைப் பழுது பார்த்து, வசதியில்லாத பிள்ளைகள் படிக்க உதவித்தொகையும் ஏற்படுத்திவிட்டால் துறை இன்னும் ஒரு நூறு வருடம் தாங்கும். முடியாவிட்டால் நாளைக் காலை கூடும் ஆட்சிக்குழு, கட்டடத்தை ஓர் ஓட்டல் முதலாளிக்கு நீண்ட குத்தகைக்கு விட்டுவிடும். பழைய மாணவர்களுக்குக் கடிதம் போட்டார்கள், பதில் இல்லை. விருந்து வைத்தார்கள், வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கட்டடத்தை நினைத்து நாலு சொட்டுக் கண்ணீரும் விட்டுவிட்டுப் போனார்கள்.

"திடீர்னு ஒரு நாள் பணம் கொட்ட ஆரம்பிச்சுதுங்க," என்றார் இயக்குநர். "கொடுத்தவங்க எல்லாரும் கணக்குப் படிச்சவங்க. எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. 'கொடுத்துட்டேன்னு சார்கிட்ட சொல்லிடுங்க.' எந்த சார்னு கேட்டா, பேராசிரியர் போன்ல கூப்பிட்டுக் கேட்டாராம்."

"கேட்டா என்ன?"

"அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

டொக், என்றது வாளி.

இயக்குநர் ஒரு ஒலிநாடாவை ஓடவிட்டார். பேராசிரியரின் பழைய சொற்பொழிவு. அண்டாவை இழுத்து நகர்த்துவது போல அடித்தொண்டையிலிருந்து புறப்பட்ட கனத்த குரல். அந்தக் குரலேதான் என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்களாம்.

"பணம் எந்தக் கணக்குக்கு வந்தது?" என்றாள் துருவி.

"எங்க கணக்குக்குத்தான். ஒரு பைசா வெளியே போகலை. அதான் நாங்களும்..." இயக்குநர் டையைச் சரிசெய்துகொண்டார். "ரொம்ப விசாரிக்கலை."

அவர் ஜன்னலைக் காட்டினார். முற்றத்தில் காய்ச்சல் பார்க்கும் கருவி வடிவத்தில் ஆள் உயரப் பலகை ஒன்று நின்றது. நன்கொடை ஏற ஏறச் சிவப்புச் சாயம் ஏறும். உச்சிக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி.

"அந்த ஒரு சாண் ஏர்றதுக்குள்ள பேய் நின்னுபோச்சு. கணக்குப் படிச்சவங்கள்ல பசையுள்ள ஆள் இன்னும் ஒரே ஒருத்தர்தான் பாக்கி. சிமெண்ட் முதலாளி. எங்க கடிதாசியை அவர் பிரிக்கறதுகூட இல்லை. பேய் கூப்பிட்டாத்தான் உண்டு."

"பேயைக் கண்டுபிடிக்கறேன்," என்று துருவி எழுந்தாள். "திரும்பப் பேசச் சொல்றது என் வேலை இல்லை."

வெளியே வந்ததும் சரவெடி ஸ்கூட்டரை உதைத்தான். "செத்தப்புறமும் வசூல் பண்ணித் தர்ற வாத்தியார் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும் அண்ணி. எனக்கு வாய்ச்சவங்கள்லாம் உயிரோட இருக்கும்போதே ஒண்ணும் தரலை."

"நீ என்ன வாங்கிக்கிட்டே?"

"காதுல திருகு."

*

கடைசியாகப் பேயிடம் சிக்கியவர் ஓர் ஆடிட்டர். கோப்புகளுக்கு நடுவே வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. பேராசிரியர் என்ற சொல்லைக் கேட்டதும் தலை மேலே எழும்பியது. ஆடிட்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"போன்ல பேசும்போதும் இப்படித்தான் நின்னேன்," என்றார் வெட்கத்தோடு. "வரவேற்புல இருக்கற பொண்ணு 'யாரோ பேராசிரியர் வீட்டுலேர்ந்தாம்'னு லைன் கொடுத்தா. எடுத்தேன். 'டேய் எண்ணெய்க் கை! கை கழுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கியா?' அப்படின்னார். சத்தியமா சொல்றேங்க, போய்க் கை கழுவிட்டு வந்துதான் செக் எழுதினேன்."

"செத்துப்போனவர்னு தோணலையா?"

"அந்தத் திட்டுல அதெல்லாம் எங்கே தோணுது? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தப்புறம்தான் உறைச்சுது. பாதியில எழுந்துட்டேன்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

ஆடிட்டர் யோசித்தார். "நடுவுல 'இரு, பால் பொங்குது'ன்னுட்டுப் போனார். திரும்ப வந்து, 'உன்னால பாலும் போச்சு'ன்னு அதுக்கும் சேர்த்துத் திட்டினார்."

சரவெடியின் கண்கள் விரிந்தன. "பேய் ரத்தம் குடிக்கும்னுதானே கேள்வி?"

"வயசான பேய்," என்றாள் துருவி. "பால்தான் செரிக்கும். ஏன் சார், வகுப்புலயும் இப்படித்தான் திட்டுவாரா?"

"சேச்சே! வாயில விரல் வெச்சாக் கடிக்கத் தெரியாத மனுஷன். பதினேழு வயசுப் பையனைக்கூட 'வாங்க, உட்காருங்க'ம்பார். கரும்பலகையைத் துடைக்கும்போதுகூட அதுக்கு வலிக்குமோன்னுதான் துடைப்பார்."

"அப்போ உங்களை 'எண்ணெய்க் கை'ன்னு எப்போ கூப்பிட்டார்?"

ஆடிட்டர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கூப்பிட்டதில்லைங்க," என்றார் மெதுவாக. "நான் அதைக் கேட்டதே இல்லை. படிச்சிருக்கேன். எண்ணெய்க் கறை பட்ட என் பரீட்சைப் பேப்பர் ஓரத்துல சிவப்பு மையில எழுதியிருந்தது. எல்லாரோட பேப்பர்லயும் இப்படி ஏதாவது இருக்கும். நாங்க அவருக்குப் பயந்ததே இல்லை. அந்தச் சிவப்பு மைக்குத்தான் நடுங்குவோம்."

"ரெண்டும் ஒரே ஆள்தானே?" என்றான் சரவெடி.

துருவி ஆடிட்டரிடம் திரும்பினாள். "அவர் வீட்டுல இப்போ யாரு இருக்காங்க?"

"கல்யாணம் பண்ணிக்கலை. ஒரு அக்கா இருந்தாங்க. நாங்க போனா காபியை வெச்சிட்டு உள்ளே போயிடுவாங்க. அவங்க குரலைக்கூட நான் கேட்டதில்லை."

துருவி கைப்பையை எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போதுதான் கொழுந்தனுக்குப் பதில் சொன்னாள். "வாய் ஒருத்தருது, மை ஒருத்தருது தம்பி. பசு மாட்டுக்குப் புலி நகம் எப்படி வரும்? வண்டியை எடு."

*

அச்சகத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் கடைசி வீடு. வாசல் கதவைத் தட்டுவதற்கு முன் துருவி பக்கத்துக் குழாயடியைப் பார்த்தாள். கரி போட்டுத் தேய்த்தும் போகாத அடிக் கருகலோடு ஒரு பால் பாத்திரம் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. சரவெடியும் அதைப் பார்த்தான். அண்ணிக்குப் பின்னால் ஓர் அடி ஒதுங்கிக்கொண்டான்.

கதவைத் திறந்தவர் எழுபதைத் தாண்டிய நெட்டையான அம்மாள். கழுத்தில் கம்பளித் துண்டை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார். துருவி விஷயத்தைச் சொன்னதும் தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கி, கையை விரித்தார். காற்று மட்டும் வந்தது: "தொண்டை போச்சும்மா. பேச முடியலை."

"பேராசிரியர் பேர்ல யாரோ போன் பண்றாங்களாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"ஐயோ பாவம்," என்றது காற்று. "என் தம்பி தங்கமான பிள்ளை."

சரவெடிக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. எலிகூட இதைவிடச் சத்தமாகப் பேசும். இந்த அம்மாளாவது ஆடிட்டரை எழுப்பி நிறுத்துவதாவது. துருவியும் சரி என்று தலையாட்டி எழுந்துகொண்டாள். வாசற்படி வரை போனவள், சாதாரணமாகத் திரும்பிக் கொழுந்தனிடம் சொன்னாள்:

"ஆங், மறந்தே போச்சு. அந்தத் துணிக்கடைக்காரர் நியாயமான ஆள்தான் தம்பி. முதல்ல விலையில பத்து சதவீதம் ஏத்தினார். அப்புறம் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்துட்டார். ஏத்தினதும் இறக்கினதும் சரியாப்போச்சு. பழைய விலைதான்."

எந்தத் துணிக்கடை என்று சரவெடிக்கு விளங்கவில்லை. ஆனால் கணக்கு விளங்கியது. "ஆமா அண்ணி. பத்து ஏறி, பத்து இறங்கினா..."

"தப்பு!"

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. சரவெடி அறியாமலே நிமிர்ந்து நின்றான்.

"நூறு நூத்திப்பத்தாகும்! நூத்திப்பத்துல பத்து சதவீதம் பதினொண்ணு! மிச்சம் தொண்ணூத்தொன்பது! கழுத்துக்கு மேல இருக்கறதை எதுக்கு வெச்சிருக்கீங்க, சீவிக்கறதுக்கா?"

அண்டாவை இழுத்து நகர்த்தும் குரல். ஒலிநாடாவில் கேட்ட அதே குரல். அந்த அம்மாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்கு மேலே கண்கள் மட்டும் துருதுருவென்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தன.

"தொண்டை சரியாயிடுச்சு போலிருக்கு," என்றாள் துருவி. "உட்காரலாமா அம்மா?"

*

"எங்க வீட்டுல எல்லாருக்கும் இதே தொண்டைதான்," என்றார் அம்மாள், துண்டை உருவி நாற்காலி மேல் போட்டபடி. "அவன் இருந்தப்பவும் நான் போனை எடுத்தா 'வணக்கம் சார்'னுதான் சொல்லுவாங்க. எத்தனை பேர்கிட்ட இல்லை இல்லைன்னு சொல்றது? சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுட்டேன்."

"சிவப்பு மை?"

"அதுவும் நான்தான். தம்பிக்குப் பாடம் நடத்தத்தான் தெரியும். யாரையும் ஃபெயிலாக்க மனசு வராது. எழுதாதவனுக்குக்கூட 'பாவம், வெயில்ல வந்திருக்கான்'னு மார்க் போடுவான். ஒரு வருஷம் பார்த்தேன். 'கையெழுத்தை மட்டும் நீ போடு, திருத்தறதை நான் பார்த்துக்கறேன்'னு வாங்கிக்கிட்டேன். கணக்கை நானும் அவனும் ஒரே விளக்குலதான் படிச்சோம். அவனைக் காலேஜுக்கு அனுப்பினாங்க. என்னை அனுப்பலை."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஊர்ப்பட்ட பையன்களை முகம் காட்டாமல் திட்டிய சந்தோஷம் அந்த முகத்தில் இன்னும் இருந்தது.

போன் விவகாரம் தானாக வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, கணிதத் துறைக்கு நன்கொடை தரும்படி பேராசிரியரையே கேட்டாளாம். செத்துப்போனதைக்கூட அங்கே குறித்துக்கொள்ளவில்லை. ஆத்திரத்தில் அம்மாள் தம்பியின் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு, 'என்னடா நடக்குது அங்கே' என்று கேட்க வாயெடுத்தார். 'சார்! நீங்களா சார்! உடனே கொடுத்துடறேன் சார்!' என்று அவன் அலறினான்.

"நான் பொய் சொல்லலை. அவனா நினைச்சுக்கிட்டான். அப்புறம் மத்தவங்களும் அவங்களாவே நினைச்சுக்கிட்டாங்க. நான் திட்ட மட்டும்தான் செஞ்சேன்."

"நல்லாத்தான் திட்டியிருக்கீங்க," என்றான் சரவெடி. "ஒரு ஆள் கையே கழுவியிருக்கார்."

"அப்படியா!" அம்மாளின் முகம் மலர்ந்தது.

"அப்போ ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் துருவி. "தொண்டை வெண்கலம் மாதிரி இருக்கு. பாக்கி இருக்கறது சிமெண்ட் முதலாளி ஒருத்தர்தான். பேய்க்கே பயமா அம்மா?"

மலர்ந்த முகம் சட்டென்று கூம்பியது. அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அவனுக்கு நான் ஒரு கொடுமை பண்ணிட்டேன்மா. பரீட்சையில கடைசிக் கணக்கை எனக்குத் தெரியாத வழியில போட்டிருந்தான். எனக்குத் தெரியாததெல்லாம் தப்புன்னு நினைச்ச வயசு. பூஜ்யம் போட்டேன். சும்மா போட்டேனா? 'இந்த மூளைக்கு மூட்டை தூக்குவது மேல்'னு ஓரத்துல எழுதினேன். பையன் மறு வாரமே படிப்பை விட்டுட்டு, நிஜமாவே சிமெண்ட் மூட்டை தூக்கப் போயிட்டான். அடுத்த வருஷம் தம்பி வெளிநாட்டுப் புத்தகம் ஒண்ணு கொண்டுவந்தான். அதுல அதே வழி இருந்தது. அச்சு அசல்! யாரும் சொல்லித்தராம அந்தப் பிள்ளை தானா கண்டுபிடிச்சிருக்கான். ஒரு மேதையை மூட்டை தூக்க வெச்சிட்டேன். அவன்கிட்டப் போய் எந்த வாயால காசு கேக்கறது?"



துருவி எழுந்து போய், மேஜையில் இருந்த தொலைபேசியைத் தூக்கிவந்து அம்மாளின் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "காசு கேக்க வேண்டாம். மன்னிப்புக் கேளுங்க. உங்க தம்பி பேர்ல இல்லை, உங்க பேர்ல. நாளையிலேர்ந்து, ஏற்கெனவே கொடுத்தவங்களுக்கும் கூப்பிட்டு நீங்க யாருன்னு சொல்லிடணும். வேணாம்னு நினைக்கறவங்க திருப்பிக் கேக்கட்டும்."

"அப்போ அந்த ஒரு சாண்? கட்டடம் போயிடுமே!"

"போனாப் போகட்டும்."

அம்மாள் அவளை முறைத்தார். துருவி முறைப்புக்கெல்லாம் அசையக்கூடியவள் அல்ல. கடைசியில் எண்ணைச் சுழற்றியது அம்மாள்தான். மறுமுனையில் இரண்டு காரியதரிசிகளைத் தாண்டி முதலாளி வந்தார். சரவெடி வெட்கமில்லாமல் ரிசீவருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான்.

"நான் பேராசிரியரோட அக்கா பேசறேன்பா," என்றார் அம்மாள். பேய்க் குரல் எங்கோ போயிருந்தது. அந்தக் கணக்கைச் சொன்னார், பூஜ்யத்தைச் சொன்னார், ஓரத்தில் எழுதியதைச் சொன்னார். "நீ போட்டது சரிப்பா. நான்தான் தப்பு. என்னை மன்னிச்சிடு."

மறுமுனையில் ஒரு விசித்திரமான சத்தம். அழுகிறார் என்றுதான் சரவெடி நினைத்தான். இல்லை, சிரிக்கிறார்.

"அம்மா... அம்மா... அது என் வழியே இல்லைங்கம்மா! நூலகத்துல ஒரு மூலையில வெளிநாட்டுப் புத்தகம் ஒண்ணு கிடந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் எடுத்தேன். ஒரு எழுத்து புரியலை. அப்படியே உருப்போட்டு, போய்க் கக்கிட்டு வந்துட்டேன். உங்க பூஜ்யத்தைப் பார்த்ததும் 'கண்டுபிடிச்சிட்டாங்கடா'ன்னு நினைச்சேன். ஆளு சும்மா இல்லை, மூளையையே எட்டிப் பார்த்திருக்காங்கன்னு பயந்துதான் ஓடிப்போனேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் வர்றது? பல்கலைக்கழகக் கடிதாசியைக்கூட அதனாலதான் பிரிக்கலை."

அம்மாள் நாற்காலி நுனிக்கு வந்தார். முதுகு நிமிர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சரவெடி அவசரமாகக் காதை எடுத்துக்கொண்டான்.

"புரியாமலா எழுதினே?"

அலமாரி மறுபடி அதிர்ந்தது.

"உருப்போட்டியாடா? இத்தனை வருஷமா ஒரு மேதையைக் கொன்னுட்டேன்னு நான் தூக்கமில்லாமக் கிடக்கறேன், நீ கக்கிட்டு வந்தேன்னு சிரிக்கறே? மூட்டை தூக்கச் சொன்னேனே, அந்த மூட்டை பாவம்டா!"

"சார்!" என்று மறுமுனை பதறியது. நாற்காலி பின்னால் தள்ளப்படும் ஓசை கேட்டது. எழுந்து நின்றுவிட்டார் போல. "சார் குரல்!"

"சார் இல்லைடா, அவன் அக்கா!"

"தெரியுதுங்கம்மா, தெரியுதுங்கம்மா. இப்போ அங்கே எவ்வளவு குறையுது?"

"ஒரு சாண்!"

"சாணா?"

"பலகையில!" என்று சரவெடி ரிசீவரை நோக்கிக் கத்தினான்.

"எவ்வளவு இருந்தாலும் சரி, இன்னிக்கே ஆள் அனுப்பி ரொப்பிடறேன்," என்றார் முதலாளி. "திட்டறதை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா. என்னை இப்படி ஒருத்தர் திட்டி எத்தனையோ வருஷமாச்சு. இங்கே எல்லாரும் தலையைத் தலையை ஆட்டறாங்க."

சரவெடி சத்தமில்லாமல் குதித்தான். துருவி அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவள் உதடும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அம்மாள் இன்னும் முடிக்கவில்லை. "பணம் வேற, மார்க் வேற. புரியாததுக்கு மார்க் கிடையாது. பூஜ்யம் பூஜ்யம்தான். சனிக்கிழமை காலையில இங்கே வா. அந்த வழியை முதல் வரியிலேர்ந்து சொல்லித்தரேன். விளங்கினப்புறம் பார்க்கலாம்."

நாலு தொழிற்சாலைக்கு அதிபதியிடமிருந்து பணிவாக, பள்ளிக்கூடப் பையன் போல ஒரு குரல் வந்தது.

"வரேங்கம்மா. பேனா கொண்டுவரட்டுமா, பென்சிலா?"

"பென்சில்," என்றார் அம்மாள். "நீ அழிச்சு அழிச்சுத்தான் எழுதுவே."